பித்தளைப் புனலும் என் வீட்டுக்காரரும்

என் குரல் பெரிய குரல். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேறு குரல் வராது. எங்கள் வீடு கொச்சிக்கடைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், மேல்மாடியில் இருந்தது. கீழே துறைமுகத்துக்குப் போகும் லொறிகள், மூட்டை இழுக்கும் கைவண்டிகள், ஒரு பக்கம் கோயில் மணி, மறு பக்கம் தேவாலய மணி. எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு கை உப்பு இரவல் கேட்பதென்றாலும் இத்தனைக்கும் மேலால்தான் கேட்க வேண்டும். மெல்லக் கதைக்கிறவர்களை எங்கள் ஒழுங்கையில் சுகமில்லாதவர்கள் என்றுதான் நினைப்பார்கள்.

என்னைக் கட்டியவர் யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்கு வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்து இருந்தவர். பெண் பார்க்க வந்த அன்று அவர் கதைத்ததில் ஒரு சொல்லும் அம்மாவுக்கு விளங்கவில்லை. மாப்பிள்ளை நல்ல அடக்கமானவர் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த அடக்கம் எவ்வளவு தூரம் போகும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

கலியாணம் முடிந்து வெள்ளவத்தையில் குடியேறி முதன்முதலாக இருவரும் பஸ்ஸில் போனோம். புதுப்பெண் நான். கண்ணில் பட்டதையெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். பம்பலப்பிட்டி தாண்ட முன்னரே அவருடைய விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தின. ஆசையில் பிடிக்கிறார் என்று நினைத்து எனக்கு வெட்கம் வந்தது. வெட்கத்தில் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கதைத்தேன். அவரும் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிய பிறகுதான் விஷயத்தை அவிழ்த்தார். பஸ்ஸில் தமிழில் கதைக்கக் கூடாதாம். கதைத்தே தீரவேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கதைக்க வேண்டுமாம். பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்று பழமொழி வேறு சொன்னார். என் ஆசையில் மண் விழுந்தது.

அவர் சொன்னது பிழை என்று சொல்ல மாட்டேன். காலம் அப்படி. சந்திக்குச் சந்தி மறித்து அடையாள அட்டை கேட்ட வருஷங்கள் பின்னால் வந்தன. எந்த ஊர், எதற்கு வந்தாய், யார் வீட்டில் இருக்கிறாய் என்று எங்களிடம் மட்டும் இரண்டு கேள்வி கூடக் கேட்டார்கள். பயம் எனக்கும் இருந்தது. என்றாலும் எனக்குப் பயம் வந்தால் வாய் கூடும், அவருக்குப் பயம் வந்தால் வாய் குறையும். அப்படியே அவருக்கு இரண்டு குரல்கள் உண்டாகிவிட்டன. வீட்டுக்குள் ஒன்று, அதில் சோற்றில் உப்பில்லை என்று தாராளமாகச் சத்தம் போடுவார். வெளியில் இன்னொன்று, அதில் உதடு அசையும், மிச்சத்தை நாங்கள் ஊகிக்க வேண்டும். நான் அதற்கு பஸ் குரல் என்று பெயர் வைத்தேன்.

பிறகு நாட்டில் சண்டை முடிந்தது. வீதித்தடைகளைத் தூக்கினார்கள், மணல் மூட்டைகளை அள்ளினார்கள், பஸ்ஸில் பிள்ளைகள் கைபேசியில் உரக்கத் தமிழ் கதைக்கத் தொடங்கினார்கள். அவருடைய பஸ் குரல் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஓய்வுபெற்று வீட்டோடு இருந்த மனிதர், மரக்கறிக் கடையில் கத்தரிக்காய் விலையை ஏதோ குற்றம் செய்தவர் போலக் கேட்பார். சிங்களக் கடைக்காரர் என்ன, என்ன என்று மூன்று தரம் “மொக்கத?” என்பார். மூன்றாவது தரம் நான் குறுக்கே விழுந்து விலையும் கேட்டு, பேரமும் பேசி முடித்திருப்பேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் எனக்குக் காது மங்கத் தொடங்கியது. முதலில் வலது காது. அந்தப் பக்கமாக இடி விழுந்தாலும் தெரியாது. காது குறையக் குறைய என் குரல் இன்னும் கூடியது. வீட்டுக்குள் பிரச்சினையில்லை, அவரும் சத்தமாகச் சொல்லுவார், நானும் சத்தமாகச் சொல்லுவேன், கீழ்வீட்டுக்காரருக்கும் எங்கள் சமையல் என்னவென்று தெரியும். வாசல் படலையைத் தாண்டினால் போச்சு. அவர் பஸ் குரலுக்கு மாறிவிடுவார், எனக்கு ஒன்றும் கேட்காது, நான் என்ன என்ன என்று கத்துவேன், அவர் நான் கத்துவதற்குப் பயந்து இன்னும் குறைப்பார்.

ஒருநாள் காலையில் சந்தையிலிருந்து வரும்போது காலி ஊருக்குப் போகும் அந்தப் பெரிய காலி வீதியைக் கடக்க வேண்டியிருந்தது. ஒரு பஸ் நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் புகுந்து போய்விடலாம் என்று நான் கால் வைத்தேன். பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு வந்த ஓட்டோ ஒன்று என் கையில் இருந்த பையை இழுத்துக்கொண்டு போனது. நான் கீழே விழவில்லை. தக்காளிப்பழங்கள்தான் காலி வீதி முழுக்க உருண்டன. திரும்பிப் பார்த்தால் இவர் நடைபாதை ஓரத்தில் வாயைத் திறந்தபடி, பேயறைந்தவர் போல நிற்கிறார்.

வீட்டுக்கு வந்ததும், ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று கேட்டேன். கூப்பிட்டதாகச் சொன்னார். என்னவென்று கூப்பிட்டீர்கள் என்றேன். இஞ்சேரும் என்று கூப்பிட்டாராம், அவருடைய ஊரில் புருஷன்மார் பெண்டாட்டியைப் பெயர் சொல்லாமல் கூப்பிடுகிற சொல். எந்தக் குரலில் என்று கேட்டேன். அவர் நிலத்தைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில் வாய் தன்பாட்டில் போனது.

“சாகப்போறவளையும் பஸ் குரலிலதான் கூப்பிடுவியளோ?”

 “வாயை நல்லாத்தான் திறந்தனான்,” என்றார். “சத்தம் வரேல்லை.”

அதைக் கேட்டு எனக்குக் கோபம் போய்விட்டது, ஆனால் நெஞ்சுக்குள் ஒன்று வந்து இருந்துகொண்டது. காது போகிறதே என்பதைக்கூட நான் அவ்வளவு பெரிதாக எடுக்கவில்லை. வயது போனால் போகத்தான் செய்யும். இந்த மனிதர் எனக்கு ஆபத்து என்றாலும் வெளியில் சத்தம் போட்டுக் கூப்பிட மாட்டார் என்பதுதான் மனதை அரித்தது. நாளைக்கு இடது காதும் மங்கினால், வீட்டுக்கு வெளியே நாங்கள் இரண்டு பேரும் கதைக்கிற கதை அத்தோடு முடிந்தது. நாற்பது வருஷம் கதைத்தவர்கள் கைகாட்டிக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

எங்களுக்கு மேல் வீட்டில் இருந்த ஓர் ஆசிரியைதான் அந்தப் பூங்காவைப் பற்றிச் சொன்னார். நகரத்துப் பூங்கா ஒன்றைத் திருத்தி, நடுவில் புதுவிதமான நீரூற்று வைத்திருக்கிறார்களாம். யாரோ ஓவியக் கல்லூரியில் படித்த பிள்ளைகள் செய்ததாம். அது தானாகப் பாயாதாம். ஆட்கள் சத்தம் போட்டால்தான் தண்ணீர் எழும்புமாம், எவ்வளவு சத்தமோ அவ்வளவு உயரமாம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, “அன்ரி, நீங்கள் போனா சனம் குடை பிடிக்க வேணும்,” என்று சிரித்தார். நான் என்னைப் பற்றி யோசிக்கவே இல்லை. இவரை அங்கே கொண்டுபோக வேண்டும் என்றுதான் யோசித்தேன்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் போனோம். காலாற நடந்துவிட்டு வரலாம் என்றுதான் அவரிடம் சொன்னேன், நீரூற்றைப் பற்றி மூச்சுக் காட்டவில்லை. பெரிய சதுரமாகக் கருங்கல் பதித்திருந்தார்கள். சுற்றிக் கட்டுச்சுவர் இல்லை, நிலத்தோடு நிலமாகத் துவாரங்கள் மட்டும். ஒரு பக்கத்தில் நெஞ்சு உயரத் தூணில் ஒரு பித்தளைப் புனல், கோயில் திருவிழாவுக்குக் கட்டும் ஒலிபெருக்கியின் வாய் மாதிரி விரிந்தது. பக்கத்தில் மூன்று மொழியிலும் ஒரு பலகை. எந்த மொழியிலும் பேசலாம், தண்ணீருக்கு எல்லா மொழியும் விளங்கும் என்று எழுதியிருந்தது.

இவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு மூன்று மொழியிலும் வாசித்தார். மூன்றிலும் ஒன்றைத்தான் எழுதியிருக்கிறார்களா என்று சரிபார்த்தார். பிறகு புனலைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். தூணுக்குக் கீழே குனிந்து வயர் எங்கே போகிறது என்று தேடினார். என் இடது காதுக்குக் கிட்டே வந்து, இதற்குள் கதைக்கிறதையெல்லாம் யார் எடுத்து வைக்கிறார்கள் என்று கேட்டார். தண்ணீர்தான் எடுக்கிறது என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இந்த ஊரில் ஒருவன் சும்மா உன்னைக் கதை என்று கேட்பானா என்று அவருக்கு யோசனை.

சனம் அதைப் பற்றியெல்லாம் கவலைப்படவில்லை. கம்பஸில் படிக்கிற பிள்ளைகள் கூட்டமொன்று சிங்களத்தில் ஏதோ கோஷம் போட்டது, தண்ணீர் ஆள் உயரம் எழும்பியது. ஒரு முஸ்லிம் குடும்பத்துத் தகப்பன் அழுத கைக்குழந்தையைப் புனலுக்கு நேரே பிடித்தார். பிள்ளை வீரிட்ட வீரிடலில் தண்ணீர் பெரியவர்களையெல்லாம் தாண்டியது. அதைக் கண்டு பிள்ளை அழுகையை நிறுத்த, தண்ணீர் தொப்பென்று விழுந்தது. திரும்பவும் அழ வை என்று சனம் கேட்டது, தாய் பிள்ளையைப் பறித்துக்கொண்டு போய்விட்டார். காவலுக்கு நின்ற சிங்கள மனிதர் ஊதுகுழலை வாயில் வைத்தபடி வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார்.

என் முறை வந்தது. இவருக்கு வழிகாட்டி வைக்கிறேன் பார் என்று கம்பீரமாகப் போய் நின்றேன். வாயைத் திறந்தால் வந்தது ஹலோ. அதுவும் இங்கிலீஷில், வங்கியில் தொலைபேசி எடுக்கிறவள் மாதிரி. தண்ணீர் முழங்காலுக்கு வந்து போனது. எனக்கே வெட்கமாகிவிட்டது. இத்தனை வருஷம் இவரைப் பகிடி பண்ணிய எனக்கும் பொது இடம் என்றதும் தமிழ் ஒளிந்துகொண்டதே. காவலாளி, “ஹயியென் அம்மே, தவ ஹயியென்,” என்று கையை உயர்த்தி உயர்த்திக் காட்டினார். இன்னும் பலமாகவாம்.

கண்ணை மூடினேன். கொட்டாஞ்சேனை மேல்மாடியில் நின்று, கீழே ஒழுங்கையில் பந்தடிக்கும் என் தம்பியைக் கூப்பிடுகிற மாதிரி நினைத்துக்கொண்டேன். டேய், சோறு ஆறுது, ஏறி வாடா என்று ஒரே மூச்சில் விட்டேன். கண் திறந்தபோது தண்ணீர் குழந்தை எழுப்பிய உயரத்தையும் தாண்டி நின்றது. சனம் கைதட்டியது. நான் பெருமையோடு இவரைத் தேடினேன். ஆளைக் காணவில்லை. தூரத்தில் ஒரு மர வாங்கில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தனக்கும் இந்தப் பெண்பிள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்கிற மாதிரி இருந்தார்.

கோபித்துக்கொண்டு அந்தக் கிழமையோடு விட்டிருப்பேன். ஆனால் அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கே அவர் சேட்டு மாற்றிக்கொண்டு, கையில் பையோடு கதவடியில் நின்றார். பார்க்குக்குப் போகவில்லையோ என்று அவராகக் கேட்டார். நான் ஆச்சரியத்தை வெளியில் காட்டவில்லை, காட்டினால் ஆள் திரும்பிப் போய்ச் சாரத்தைக் கட்டிக்கொண்டு இருந்துவிடுவார்.

அன்று அவர் வரிசையில் நின்றார். ஆட்கள் குறையட்டும் என்று எட்டுப் பேருக்கு வழிவிட்டு, ஒன்பதாவதாகப் போனார். தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்கே தண்ணீர் கொஞ்சம் துள்ளியதால் திடுக்கிட்டு ஓரடி பின்னால் வந்தார். பிறகு கிட்டப் போய் வணக்கம் என்றார். சொன்னதாக அவர்தான் சொன்னார், எனக்குத் தெரியாது. துவாரங்களில் தண்ணீர் குமிழி விட்டது, அவ்வளவுதான். காவலாளி மிஷின் பழுதாகிவிட்டது என்று ஓடிவந்து புனலைத் தட்டிப் பார்த்தார். இவர் என்னிடம் வந்து, இது சரியான மிஷின் இல்லை என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவருக்கும் கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது.

அதன் பிறகு ஞாயிறுதோறும் போனோம். அவர் விடவில்லை. ஒரு வாரம் திருக்குறள் சொன்னார், ஒரு வாரம் தான் வேலை செய்த பழைய கந்தோர் முகவரியைச் சொன்னார். ஒரு வாரம் ஏழாம் வாய்ப்பாடு. தண்ணீர் கணுக்கால் வரைக்கும் வந்தது. கணுக்கால் வந்த அன்று கடலைச்சுருள் வாங்கித் தந்தார். வீட்டில் குளியலறைக்குள் நின்று பழகுகிறார் என்று எனக்குத் தெரியும். கதவு பூட்டியிருந்தால் அவருக்குக் குரலுக்குக் குறைவில்லையே. பூங்காவில் நான்கு பேர் கண் பார்த்தால் பஸ் குரல்தான் வருவதாகச் சொன்னார். காவலாளி நல்ல மனிதர், இவருடைய முறை வந்தால் சனத்தைச் சத்தம் போடவேண்டாம் என்று கையமர்த்துவார், நோயாளியைப் பார்க்கப் போன இடம் மாதிரி. அவ்வளவு செய்தும் முழங்காலைக் காணவில்லை. காலி வீதியில் உயிரைக் காப்பாற்ற கணுக்கால் உயரம் போதாது என்று எனக்குள் நினைப்பேன், வெளியில் சொல்ல மாட்டேன்.

ஒரு போயா நாள், பௌர்ணமி விடுமுறை. அடுத்த நாளும் விடுமுறை என்பதால் பூங்கா நிறைந்து வழிந்தது. கிருலப்பனை, ஹெவ்லொக் டவுன் என்று எங்கள் ஆட்களும் நிறையப் பேர் பிள்ளைகுட்டிகளோடு வந்திருந்தார்கள். அவரை வரிசையில் விட்டுவிட்டு நான் கடலை வாங்கப் போனேன். பை அவரிடம், பைக்குள் என் கைபேசி. கடலை வாங்கித் திரும்பினால் மரங்களுக்குக் கீழே ஒரு கலியாண சோடியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். மணப்பெண்ணின் சேலைக் கரை மிக அழகாக இருந்தது. அது கூறையா, வேறேதாவது பட்டா என்று பார்க்கக் கிட்டப் போனேன். பார்த்துக்கொண்டு நடந்ததில் நீரூற்றின் மறு பக்கத்துக்கு வந்துவிட்டேன். நடுவில் தண்ணீரும் சனமும். என் வலது காது அவர் பக்கம்.

அங்கே என்ன நடந்தது என்று பின்னர்தான் தெரியும். அவர் திரும்பிப் பார்த்திருக்கிறார், நான் இல்லை. கடலைக்காரரிடம் போயிருக்கிறார், அங்கும் இல்லை. கைபேசிக்கு எடுத்திருக்கிறார், அது அவர் கையில் இருந்த பைக்குள்ளேயே அடித்திருக்கிறது. பூங்காவுக்கு ஒரு பக்கம் பெரிய வீதி. காது கேளாத மனுசி, வாகனம் போகும் வீதி. சனத்தை இடித்துக்கொண்டு, வரிசையில் நின்றவர்களையெல்லாம் விலக்கிக்கொண்டு புனலடிக்கு ஓடியிருக்கிறார். காவலாளி மறிக்கவில்லையாம்.

அந்த இரைச்சலில் எனக்கு ஒன்றும் பிரிந்து கேட்கவில்லை. மணப்பெண்ணின் தலைக்கு மேலால் தண்ணீர் எழும்பியதைத்தான் கண்டேன். மற்றவர்களுடைய தண்ணீர் போய் நிற்கிற இடத்தில் அது நிற்கவில்லை, விளக்குக் கம்பத்துக்கு மேலே போனது. காற்றில் சிதறி எங்கள் மேல் விழுந்தது. படப்பிடிப்புக்காரர் குடையை விரித்துக்கொண்டு ஓடினார், மணப்பெண் கூவிக்கொண்டு சேலையைத் தூக்கினாள். பூங்காவில் இருந்த அத்தனை பேரும் அண்ணாந்து தண்ணீரைப் பார்த்தார்கள்.

நான்கு பெண்கள் மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. ஒருவர் பச்சைச் சேலை, ஒருவர் என் வயது, மற்ற இருவரும் சுரிதார் போட்ட இளம் பெண்கள். நான்கு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பிப் புனலைப் பார்த்தார்கள். பச்சைச் சேலைக்காரர் என்னப்பா என்று எழும்பியே விட்டார், வாய் அசைந்தது தெரிந்தது. எங்கள் பெண்கள் நான்கு பேரை ஒரே அடியாகத் திரும்ப வைக்கிற சொல் இஞ்சேரும் ஒன்றுதான். எந்தப் புருஷன் கூப்பிட்டாலும் எல்லாப் பெண்டாட்டிக்கும் அதுதான் பெயர்.

 கடலை எங்கே விழுந்தது என்று தெரியாது. சனத்துக்குள்ளால் புகுந்து போனேன். அவர் புனலைக் கட்டிப் பிடித்தபடி நின்றார். சேட்டு நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, கண்ணாடியெல்லாம் தண்ணீர், அடுத்த தரம் கூப்பிட வாயைத் திறந்தபடியே என்னைக் கண்டார். பச்சைச் சேலைக்காரர் அவரிடம் ஏதோ கேட்டார். அவர் என்னைக் கை நீட்டிக் காட்டி ஏதோ சொன்னார். அதுவும் எனக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண்தான் சிரித்துக்கொண்டு என் இடது பக்கமாக வந்து சொன்னார்.

“நான் என்ர அவர் கூப்பிடுறார் எண்டு ஓடி வந்தனான் அக்கா. ஆரைக் கூப்பிட்டீங்கள் எண்டு கேட்டா, என்ர மனிசியை எண்டு இவ்வளவு சனத்துக்கும் கேக்கச் சொல்லுறார்.”

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. நாற்பது வருஷத்தில் வெளியில் அவர் எனக்கு எழுப்பிய முதல் சத்தம் அது, அதை நான் கேட்கவில்லை. ஆனால் அது எவ்வளவு பெரிது என்று கண்ணால் கண்டேன். கொழும்பில் எத்தனை பெண்களுக்கு அது கிடைத்திருக்கும் என்று நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர் கிட்ட வந்தார். இன்னும் மூச்சு வாங்கியது. சுற்றி எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டார். உதடு அசைந்ததில் என்ன கேட்டார் என்று தெரிந்தது. கேட்டதே, அதாவது தன் குரல் எனக்குக் கேட்டதா என்றுதான் கேட்டார்.

“ஓம்,” என்றேன். “நல்லாக் கேட்டது.”